30 கிரெடிட்டுக்குக் கையெழுத்திட்டு 15 கிரெடிட்டுடன் திரும்பிய கதை

2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையில் பரிமாற்ற மாணவியாக ஒரு பருவம் படித்தேன். 30 கிரெடிட் (படிப்பின் உழைப்பை அளக்கும் அலகு) பெறுவதாகக் கையெழுத்திட்டுப் போனவள் 15 கிரெடிட்டுடன் திரும்பினேன். அந்த 15-இலும் 12 மட்டுமே என் சொந்தப் பல்கலைக்கழகத்தின் ஏட்டில் ஏறின. விளைவாக என் பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போனது, கையில் இருந்த சேமிப்பும் கரைந்தது. நான் சோம்பேறியாக ஊர் சுற்றியதால் இது நடந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: என் வாழ்க்கையில் நான் மிக அதிகமாகப் படித்த ஆறு மாதங்கள் அவைதான். படிப்பில் நான் சறுக்கவில்லை. படித்ததைக் கிரெடிட்டாக மாற்றும் வழிமுறை தெரியாமல் சறுக்கினேன். போவதற்கு முன் அதை யாராவது ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதி இழப்பைத் தவிர்த்திருப்பேன் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் தவறு புறப்படுவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. பரிமாற்றத்துக்குத் தேர்வானவுடன் 'கற்றல் ஒப்பந்தம்' என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். எந்தெந்தப் பாடங்களை அங்கே படிப்போம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிரெடிட், அதற்கு ஈடாக இங்கே எந்தத் தாளிலிருந்து விலக்கு கிடைக்கும் என்பதை எழுதி, மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் கையெழுத்திடும் தாள் அது. ஐரோப்பாவில் இந்தக் கணக்கு இ.சி.டி.எஸ். என்ற முறையில் நடக்கிறது. ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு பருவத்துக்கு 30. நான் துறையின் பாடப்பட்டியலைப் பார்த்து, ஒப்பீட்டு அரசியல், ஐரோப்பிய ஒன்றிய அரசியல், பன்னாட்டு உறவுக் கோட்பாடுகள், அரசியல் கோட்பாடு, அமைதியும் மோதலும் என்று ஆங்கிலத்தில் நடக்கும் ஐந்து பாடங்களை, ஒவ்வொன்றும் 6 கிரெடிட் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அது முந்தைய ஆண்டின் பட்டியல் என்பதை நான் கவனிக்கவில்லை. அடுத்த குளிர்காலப் பருவத்தின் பட்டியல் அங்கே கோடையில்தான் வெளியாகும். எனவே ஒப்பந்தம் எழுதும் நேரத்தில் யாராக இருந்தாலும் பழைய பட்டியலைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். அப்படியானால் தேவையான ஐந்தை மட்டும் எழுதாமல், எட்டு ஒன்பது பாடங்களை எழுதி, மாற்றுப் பாடங்களுக்கும் சொந்தத் துறையின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அங்கே போன பிறகு அவர்களுடைய கையெழுத்தைப் பெற ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் ஆகும் என்பதை நான் அனுபவத்தில் கற்றேன்.

அக்டோபர் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்தேன். பருவம் ஏட்டளவில் அக்டோபர் 1 அன்று தொடங்கி மார்ச் 31 அன்று முடிகிறது. வகுப்புகள் அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான். வந்த மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது: என் ஐந்து பாடங்களில் அரசியல் கோட்பாடு கோடைப் பருவத்தில் மட்டும் நடப்பது, அமைதியும் மோதலும் முதுகலை மாணவர்களுக்கு மட்டும் உரியது, நானோ இளங்கலை. பன்னாட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண்மணி மிகுந்த கனிவுடன், "பாட விஷயங்கள் துறை ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு, நாங்கள் பதிவும் தங்குமிடமும் மட்டும்" என்றார். துறை ஒருங்கிணைப்பாளருக்கோ வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் மட்டுமே சந்திப்பு நேரம். அதற்கும் முன்பதிவு வேண்டும். இரண்டு அலுவலகங்களின் அதிகாரமும் வேறு என்பது தெரியாமல் முதல் பத்து நாட்களைத் தவறான கதவைத் தட்டுவதிலேயே கழித்தேன். அந்தப் பத்து நாட்களில் மற்ற ஆங்கிலச் செமினார்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. செமினார் என்றால் கலந்துரையாடும் சிறு வகுப்பு, இருபத்தைந்து, முப்பது இடங்கள்தான். விரிவுரைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் முதல் வகுப்புக்கு நேரில் போய் உட்கார்ந்துவிட வேண்டும், ஏனெனில் முதல் வாரம் வராதவர்களின் பெயரை அடித்துவிட்டு வந்திருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் பலர் என்பதையும் பின்னால்தான் அறிந்தேன். நான் மரியாதை கருதி அழைப்பு வரட்டும் என்று அறையில் காத்திருந்தேன்!

கடைசியில் காலியான இரண்டு இடங்களையும் இப்படி நிரப்பினேன்: ஜெர்மன் மொழியில் நடக்கும் 'ஜெர்மனியின் அரசியல் அமைப்பு' என்ற விரிவுரை ஒன்று, இரண்டு வார இறுதிகளில் நடந்து முடியும் தேர்தல் முறைகள் பற்றிய தொகுதிச் செமினார் ஒன்று. என் ஜெர்மன் பி1 நிலை. கடையில் பேசவும் அறிவிப்புப் பலகை படிக்கவும் அது போதும். கூட்டாட்சியில் மேலவையின் இசைவு அதிகாரம் பற்றிய விரிவுரைக்குப் போதாது. முதல் மூன்று வாரங்களும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து சேர்வதற்குள் நான் வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்திருந்தேன். ஆயினும் அந்த விரிவுரையை விட்டுவிடவில்லை. அதற்கு ஒரு காரணம், நான்காம் வாரம் பேராசிரியரிடம் நேரில் போய் நிலைமையைச் சொன்னபோது, எழுத்துத் தேர்வுக்குப் பதில் ஆங்கிலத்தில் 15 நிமிட வாய்மொழித் தேர்வு வைக்கச் சம்மதித்தார்; ஆனால் அதற்கு 3 கிரெடிட்தான் என்றார். கேட்டால் கிடைக்கும் சலுகை அது, கேட்காதவர்களுக்கு யாரும் தானாகத் தருவதில்லை. பரிமாற்ற மாணவர்களாகப் போகிறவர்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வோர் ஆசிரியரிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: என்ன வகைத் தேர்வு, அதற்கு எத்தனை கிரெடிட், மதிப்பெண் எந்தத் தேதிக்குள் ஏட்டில் ஏறும்.

இந்த இரண்டாவது கேள்வியில்தான் என் அடுத்த இழப்பு ஒளிந்திருந்தது. நம் வழக்கத்தில் ஒரு தாளுக்கு இத்தனை கிரெடிட் என்றால் அது மாறாது. அங்கே ஒரே செமினாரில் இருவர் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் 3 கிரெடிட்டும் மற்றவர் 6 கிரெடிட்டும் பெறலாம். வகுப்புக்கு வந்து, வாசித்து, 'ரெஃபராட்' எனப்படும் வாய்மொழி உரையை நிகழ்த்துவது ஒரு படி. அதற்கு மேல் 'ஹவுஸ்ஆர்பைட்' எனப்படும் 15 பக்க ஆய்வுக் கட்டுரை எழுதினால்தான் முழு கிரெடிட்டும் மதிப்பெண்ணும். ஒரு கிரெடிட் என்பது அங்கே 30 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் என்றால் 180 மணி நேரம். வாரம் 90 நிமிட வகுப்பு அதில் ஒரு சிறு பங்குதான், மிச்சமெல்லாம் நூலகத்திலும் மேசையிலும் கழிய வேண்டியது. பட்டியலில் 6 என்று போட்டிருந்ததைப் பார்த்து 6 கிடைக்கும் என்று நம்பிய நான், ஐரோப்பிய ஒன்றியச் செமினாருக்கும் ஒப்பீட்டு அரசியல் செமினாருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டியிருக்கும் என்பதை டிசம்பரில்தான் உணர்ந்தேன். ஒன்றைத்தான் எழுத முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 3 கிரெடிட்டுடன் நின்றுபோனது.

வகுப்பறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் என் மனம் உடைந்ததும் பிறகு தேறியதும் அங்கேதான். முதல் நாள் 10 மணி வகுப்புக்கு 9.50-க்கே போய் உட்கார்ந்தேன், 10.10 வரை அறையில் நான் மட்டும். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று போட்டிருந்தால் 15 நிமிடம் தாமதமாகத் தொடங்கும் என்று பொருள்; 'எஸ்.டி.' என்றால் சரியான நேரம். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். ஏதோ எதிர்ப்பு என்று நினைத்துத் திகைத்தேன். அது கைதட்டலுக்குப் பதில் என்று அருகில் இருந்தவர் சொன்னார். இவை சிரித்துக் கடக்கக்கூடியவை. என் ரெஃபராட் அப்படியல்ல. தரப்பட்டிருந்த 70 பக்கங்களையும் ஒரு வரி விடாமல் சுருக்கி 20 நிமிடம் பேசினேன். பள்ளியிலிருந்தே என்னைப் பாராட்டியவர்கள் எல்லாம் இதற்காகத்தான் பாராட்டியிருக்கிறார்கள். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நன்றி, இதை எல்லோரும் படித்திருக்கிறோம். உங்கள் கேள்வி என்ன?" என்றார். என்னிடம் கேள்வி இல்லை. அறையில் நிலவிய அந்த மௌனம் பத்து நொடிதான் இருந்திருக்கும். அன்றிரவு முழுவதும் அது என்னுடன் இருந்தது. அரசியல் அறிவியலை நான் இதுவரை பதில்களின் தொகுப்பாகப் படித்திருக்கிறேன் என்பதை அன்று உணர்ந்தேன். ரெஃபராட்டும் கட்டுரையும் ஒரு குறுகிய ஆய்வுக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'ஜெர்மனியின் கட்சி முறை' என்பது தலைப்பு மட்டுமே. '5 விழுக்காட்டுத் தடை (அதற்குக் குறைவாக வாக்குப் பெறும் கட்சிக்குப் பொதுவாக நாடாளுமன்றத்தில் இடமில்லை) இருந்தும் புதிய கட்சிகள் நுழைவது எப்படி' என்பது கேள்வி. எழுதத் தொடங்கும் முன் ஆசிரியரைச் சந்தித்து அந்த ஒரு வரியை ஒப்புதல் பெற்றுவிட்டால் பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி. என் இரண்டாவது முயற்சியில் அப்படித்தான் செய்தேன்.

இந்தப் பருவத்தில் ஒரு வகையில் எனக்குக் கொடுப்பினை இருந்தது. நவம்பர் 6 அன்று பிரதமர் ஷோல்ஸ் தன் நிதியமைச்சரைப் பதவி நீக்கினார். மூன்று கட்சிக் கூட்டணி உடைந்தது. மறுநாள் ஜெர்மன் விரிவுரையில் பேராசிரியர் பாடத்திட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, 1949-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் (ஜெர்மனியின் அரசியலமைப்புச் சட்டம்) 67, 68 ஆகிய இரண்டு பிரிவுகளையும் பலகையில் எழுதினார். 67-இன்படி, பிரதமரை வீழ்த்த விரும்பும் நாடாளுமன்றம் அதே வாக்கெடுப்பில் அவருக்கு அடுத்தவரைப் பெரும்பான்மையுடன் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வெறுமனே கவிழ்க்க முடியாது. 1972-இல் அப்போதைய பிரதமர் வில்லி பிராண்டுக்கு எதிராக இது இரண்டு வாக்குகளில் தோற்றது. 1982-இல் ஹெல்முட் ஷ்மிட்டை அகற்றி ஹெல்முட் கோல் வந்தது இதன் வழியாகத்தான். 68 என்பது பிரதமரே நம்பிக்கை வாக்குக் கோருவது. அதில் தோற்றால் குடியரசுத் தலைவர் 21 நாட்களுக்குள் அவையைக் கலைக்கலாம். டிசம்பர் 16 அன்று அந்த வாக்கெடுப்பு நடந்தது. 207 ஆதரவு, 394 எதிர்ப்பு, 116 பேர் நடுநிலை. மாணவர் விடுதியின் பொது அறையில் நேரலை பார்த்துக்கொண்டிருந்தோம். பிரதமர் தோற்பதற்காகவே வாக்குக் கேட்கிறார் என்பதை அருகில் இருந்த வேதியியல் மாணவருக்கு என் அரைகுறை ஜெர்மனில் நானே விளக்கினேன். அந்தப் பருவத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த மாலை அதுதான்.

அந்த மகிழ்ச்சிக்கு முந்தைய நாள் இரவு 12 மணியோடு தேர்வுப் பதிவு முடிந்துவிட்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. பாடத்துக்குப் பதிவு செய்வது ஒன்று, அந்தப் பாடத்தின் தேர்வுக்குப் பதிவு செய்வது முற்றிலும் வேறொன்று. முதலாவதை அக்டோபரில் செய்திருந்தேன், எனவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பினேன். உள்ளூர் மாணவர்களுக்கு இணையதளத்தில் ஒரு பொத்தான். பரிமாற்ற மாணவர்களுக்கோ தனியாக ஒரு காகிதப் படிவம், அதைத் தேர்வு அலுவலகத்தில் நேரில் தர வேண்டும். நவம்பரில் வந்த ஒரு நீண்ட ஜெர்மன் மின்னஞ்சலின் நான்காவது பத்தியில் இது இருந்தது. பிப்ரவரியில் பன்னாட்டு உறவுக் கோட்பாடுகள் விரிவுரையின் எழுத்துத் தேர்வுக்குப் போனபோது, நுழைவாயிலில் நின்ற உதவியாளர் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை விரலால் தேடிவிட்டு, "உங்கள் பெயர் இல்லை" என்றார். 14 வாரம் ஒரு வகுப்பும் தவறாமல் போன பாடம். தேர்வு அலுவலகம், ஆசிரியர், ஒருங்கிணைப்பாளர் மூவரும் வருந்தினார்கள், மூவரும் விதியைக் காட்டினார்கள். 6 கிரெடிட் போயிற்று. யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் உரிய ஒரு விதியை, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குப் புரியாத மொழியில் அனுப்புவதில் என்ன நியாயம் என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது. பல்கலைக்கழக முகவரிக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் அன்றே மொழிபெயர்த்துப் படியுங்கள்; 'அன்மெல்டுங்', 'ஃபிரிஸ்ட்' என்ற இரண்டு சொற்களைக் கண்டால் மற்ற வேலையை நிறுத்துங்கள். முதலாவது பதிவு, இரண்டாவது கெடு.

கட்டுரையின் கெடு மார்ச் 31. விடுதி ஒப்பந்தமும் விமானச் சீட்டும் பிப்ரவரி இறுதிக்கு எடுத்திருந்தேன், வகுப்பு முடிந்தால் பருவமும் முடிந்துவிடும் என்ற நினைப்பில். கட்டுரைக்கு வேண்டிய நூல்கள் அந்த நூலகத்தில்தான் இருந்தன. எனவே ஒரு மாதம் தங்கினேன். வாடகை, காப்பீடு, பயணத் தேதி மாற்றக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 950 யூரோ. விசாவுக்காக நான் காட்டியிருந்த முடக்கப்பட்ட கணக்கிலிருந்து மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், விமானச் சீட்டின் தேதியை மாற்றுவதற்கான தொகையை ஒரு தோழியிடம் கடன் வாங்கித்தான் கட்டினேன். பரிமாற்றப் பருவத்துக்குப் போகிறவர்கள் சீட்டு வாங்கும் முன் கட்டுரைக் கெடுவைக் கேளுங்கள். இரண்டு கட்டுரைகள் இருந்தால் ஒன்றைக் கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே முடியுங்கள். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் 'இது என் சொந்தப் படைப்பு' என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அதை இணைக்க மறந்த ஒருவரின் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள்.

திரும்பி வந்த பிறகு மதிப்பெண் சான்றிதழ் வந்து சேர ஜூன் நடுப்பகுதி ஆனது; எங்கள் பாடக்குழுக் கூட்டம் மே மாதமே முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்த நாட்களில் அலுவலகத்தில் எழுத்தர் என் சான்றிதழைக் கையில் எடுத்து, "என்னம்மா இது, வெறும் 1.7 தானா? பத்துக்கா?" என்று கேட்டார். அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. வெளிநாட்டு மதிப்பெண்களை ஜெர்மன் அளவுக்கு மாற்ற அங்கே 'திருத்திய பவேரியச் சூத்திரம்' என்ற ஒன்று இருக்கிறது: உச்ச மதிப்பெண்ணிலிருந்து பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 100-க்கு 40 தேர்ச்சி என்று வைத்துக்கொண்டு அதைப் பின்னோக்கிப் போட்டால் 1.7 என்பது 86. இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கால்குலேட்டரில் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கோப்பில் சேர்த்தார். அதிகாரபூர்வ மதிப்பெண் மாற்று அட்டவணையை, கிளம்பும் முன்பே என் சொந்தப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கியிருந்தால் இந்தக் கணக்குப் பாடத்துக்குத் தேவை இருந்திருக்காது.

பாடக்குழு முதலில் 9 கிரெடிட்டை ஏற்றது. வாய்மொழித் தேர்வின் 3, தொகுதிச் செமினாரின் 3 இரண்டும் ஒப்பந்தத்தில் இல்லாத பாடங்கள் என்பதால் ஒதுக்கப்பட்டன; அக்டோபரிலேயே பாட மாற்றப் படிவத்தை அனுப்பியிருந்தேன், அது எங்கள் துறையில் கையெழுத்தாகாமல் கிடந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கு வாரவாரியான பாடத்திட்டம், வாசிப்புப் பட்டியல், மொத்த வகுப்பு நேரம் ஆகியவற்றைக் கேட்டார்கள். ஜெர்மன் விரிவுரைக்கு இவை எல்லாம் என் மடிக்கணினியில் இருந்தன, பேராசிரியரின் மின்னஞ்சலும் இருந்தது. அந்த 3 கிரெடிட் செப்டம்பரில் ஏறியது. தொகுதிச் செமினாரின் பாடத்திட்டத்தை இணையதளத்திலிருந்து இறக்கி வைக்கவில்லை. மார்ச் 31-க்குப் பிறகு என் மாணவர் கணக்கு மூடப்பட்டுவிட்டது. அதை நடத்தியவர் ஒப்பந்த ஆசிரியர், இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் இல்லை. நான் எழுதிய மூன்று மின்னஞ்சல்களும் முகவரி இல்லை என்று திரும்பி வந்தன.